ஈரம் காயாத ஃபில்டர்

இந்த அறையைச் சுத்தம் செய்கிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் வேக்குவம் கிளீனரின் பையை அவர் மாதக்கணக்கில் மாற்றவில்லை என்பது உள்ளே வந்ததுமே தெரிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அந்த இயந்திரம் நாற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அது உறிஞ்சுவது தூசியை மட்டும். நாற்றத்தைச் சூடாக்கி, பின்பக்கமாக வெளியே விட்டுவிடும். பை நிறைந்து, ஃபில்டரும் அழுக்காக இருந்தால் நீங்கள் வீட்டைச் சுத்தம் செய்யவில்லை. நாற்றத்தை அறை அறையாகக் கொண்டுபோய்ப் பரிமாறுகிறீர்கள்.

என் தம்பி மனைவியை நீங்கள் இரண்டு முறை இங்கே வரவழைத்துவிட்டீர்கள். நாளைக்கு மூன்றாவது முறை. அதனால்தான் நானாக வந்தேன். இதற்கு முன் எங்கள் வீட்டுப் பெண்கள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. 'நாயை அனுப்பினது நான்தான், என் பொண்ணைக் கொன்னது நான்தான்' என்று அவள் அழுததை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிந்த பிறகு ஓடி வருகிறவள்.

நான் வரிசையாகச் சொல்கிறேன். ரயில்வேயில் முப்பத்து நாலு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். வண்டி வந்த நேரம், போன நேரம் தவிர வேறெதையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கமில்லை.

என் தம்பி போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான்தான் பெரியவன். எனக்குக் கல்யாணம், குழந்தை எதுவும் இல்லை. தம்பி விட்டுப்போன ஒரே பெண்ணை என் பெண்ணாகத்தான் வளர்த்தேன். இருபத்தேழு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. பல் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. இப்போது நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேனே, இந்த மேல்வரிசைப் பல் அவள் கையால் செய்தது. ஒரு நாள்கூட ஈறில் உறுத்தியதில்லை.

அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து ஒரு கோளாறு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். மூன்று நிமிடம் இருக்கும், போய்விடும். நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன். மூன்றைத் தாண்டியதே இல்லை. உள்ளூர் டாக்டரிடம் காட்டவில்லை. ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி ஒருவரைப் பிடித்தேன். மருந்துச் சீட்டில் அவள் பெயரைக்கூட முழுதாக எழுதவிடவில்லை. பதிமூன்று வருடம் அந்தச் செய்தி எங்கள் வாசலைத் தாண்டவில்லை. ஊர் வாயை மூட மூடி இல்லை என்பார்கள். மூடி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். நான் நின்றேன்.

பிறகு அந்த நாய் வந்தது.

லேபுக்குப் பின்னால் மழையில் கிடந்ததாம். தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு அவள் வைத்த பெயர் தம்பி. கூடப்பிறந்தவன் இல்லாத குறையை அப்படித் தீர்த்துக்கொண்டாளாம். எனக்குத் தம்பி என்று ஒருவன்தான். அவன் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு நேர் கீழே கம்பளத்தில் இது படுத்துக்கொண்டு காலை நக்கும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது நாய்தான் என்று சொன்னேன். "அது நடுவீட்டுல இருந்தாத்தான் பெரியப்பா எனக்கு நல்லது" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் ஒரு மாதத்தில் தெரிந்தது. அவளுக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அந்த நாய்க்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள். ஓடிவந்து அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்து முட்டும். இரண்டு முறை குரைக்கும். அவள் உடனே தரையில் உட்கார்ந்து, தலைக்கு ஒரு தலையணையை இழுத்துக்கொள்வாள். "இது நாய் இல்ல பெரியப்பா, எனக்கு வானிலை அறிக்கை" என்று சிரிப்பாள்.

வானிலை அறிக்கை எல்லோருக்கும் கேட்கும்படிதான் வாசிப்பார்கள், அதுதான் சிக்கல். ஒரு நாள் வக்கீல் வீட்டம்மா வந்திருந்தபோது அந்த நாய் குரைத்தது. நம் பெண் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு இப்ப ஃபிட்ஸ் வரும் ஆன்ட்டி. பயப்படாதீங்க, மூணு நிமிஷம். டீ ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள். அந்த அம்மாள் டீயைக் குடிக்கவில்லை. பதிமூன்று வருடம் நான் பிடித்துக்கொண்டிருந்த மூடியை ஒரு தெருநாய் மூக்கால் தள்ளிவிட்டது.

நான் கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. வாயில்லா ஜீவனை அடிக்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

தம்பி மனைவிக்குச் சுத்தம் ஒரு வியாதி. சனிக்கிழமை என்றால் கம்பளம் முழுக்கச் சமையல் சோடா தூவி, அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு வேக்குவம் கிளீனரை ஓட்டுவாள். உருளை பிரஷ்ஷில் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுப்பாள். வெள்ளிக்கிழமையே ஃபில்டரைக் கழுவி பால்கனியில் காயவைப்பாள். நாய் இருந்தும் அந்த வீட்டில் நாய் வாடை இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பொய் எனக்கு வராது.

ஃபில்டர் காய முழுதாக ஒரு நாள் வேண்டும். காய்ந்ததை நான் எடுத்து மறுபடி நனைத்து, இயந்திரத்தில் மாட்டி மூடிவைத்தேன். பைக்குள் நாய் முடியோடு இரண்டு கரண்டி பால் விட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை இயந்திரம் சூடானதும் மீதியை அதுவே பார்த்துக்கொண்டது.

அவள் கூடத்தை முடிப்பதற்குள் ஈர நாய் நாற்றம் படுக்கையறை வரை போய்விட்டது. அடுத்த வாரம் சோடாவை இரண்டு மடங்கு தூவினாள். இன்னும் ஒரு முறை ஓட்டினாள். ஓட்ட ஓட்ட நாறியது. நாயை வாரத்துக்கு மூன்று முறை குளிப்பாட்டினாள். மாட்டு வைத்தியரிடம் கொண்டுபோனாள். அவர் காது, பல், தோல் எல்லாம் பார்த்து, நாய் நன்றாக இருக்கிறது, வீட்டைப் பாருங்கள் என்றாராம். இவள் வந்து முட்டிபோட்டுத் தரையைத் தேய்த்தாள். நான் நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன். அவ்வளவுதான். ஒரு சொல் நாலு நாளைக்கு வலிக்கும். திறந்த ஜன்னல் தினமும் வலிக்கும்.

பாப்பாவுக்கு லேபில் பல் மாவும் திரவமும் கலந்து கலந்து மூக்கு மந்தம். ஆனாலும் அவள்தான் கிட்டே வந்தாள். நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்து முகர்ந்துவிட்டு, "தம்பி மேல நாத்தமே இல்லம்மா. மெஷின்லதான் என்னமோ. ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பாக்குறேன்" என்றாள். சனிக்கிழமை மாலையே நான் புதுப் பை போட்டு, உலர்ந்த ஃபில்டர் மாட்டி, அவள் கேட்குமுன் நானே பிரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சாரி பெரியப்பா, உங்களை வேலை வாங்கிட்டேன்" என்றாள். பெரியவர்களைச் சந்தேகப்படத் தெரியாத பெண். நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. அடுத்த வெள்ளிக்கிழமை பழைய பையைத் திரும்ப மாட்டினேன். அந்தப் பையும் ஃபில்டரும் என் அலமாரியில் காகிதத்தில் சுற்றி இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் அவளுக்கு ஓர் இடம் அமைந்தது. கூட வேலை பார்க்கும் பையன். அவர்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள். காலம் அப்படி. அவன் அம்மாவும் அப்பாவும் கல்யாணம் பேச வீட்டுக்கு வருவதாக நாள் குறித்தார்கள். வீட்டில் நாற்றம். தம்பி மனைவி சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அவளாகவே, தெரிந்த பால் பண்ணைக்காரரிடம் பத்து நாளைக்கு நாயை விட்டுவைக்கலாம் என்றாள். பாருங்கள், நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள். நான் வண்டி ஏற்பாடு செய்தேன்.

பாப்பா மறுக்கவில்லை. அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். "பத்து நாள்தானேம்மா. நான் பாத்ரூம் கதவைத் தாழ் போடாம குளிச்சுக்கறேன். நீ வெளிய போனா பெரியப்பா இருக்காரு" என்றாள். தம்பி மனைவி என் பக்கம் திரும்பி, "மாமா, கொஞ்சம் காதைத் தீட்டி வச்சுக்குங்க" என்றாள். சரி என்றேன். கொடுத்த வாக்கைத் தவறவிட்டவன் இல்லை நான். காதைத் தீட்டித்தான் வைத்திருந்தேன்.

நாய் போய் எட்டாவது நாள் அவர்கள் வருவதாக இருந்தது, நாலு மணிக்கு. மூன்று முப்பத்தைந்துக்குத் தம்பி மனைவி கேக் வாங்கப் பேக்கரிக்குப் போனாள். பாப்பா குளிக்கப் போனாள். நான் கூடத்தில் கடைசியாக ஒரு முறை வேக்குவம் கிளீனரை ஓட்டிக்கொண்டிருந்தேன், புதுப் பை, உலர்ந்த ஃபில்டர். ஒரு சொட்டு நாற்றம் இல்லை.

மூன்று நாற்பத்திரண்டுக்குக் குளியலறையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு குதிகால் டைல்ஸ் தரையில் அடிக்கும் சத்தம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதே நேரத்தில் வாசலில் கார்க் கதவு சாத்தினார்கள். பதினெட்டு நிமிடம் முன்னதாக வந்துவிட்டார்கள். நேரம் தவறாமை என்றால் சீக்கிரம் வருவது என்று சிலர் நினைக்கிறார்கள்.

மூன்று நிமிடம்தானே என்று எண்ணினேன். தானாகப் போய்விடும், எழுந்து துடைத்துக்கொண்டு வருவாள். குளியலறைக் கதவைத் திறந்தால் அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். வேக்குவம் கிளீனரை அணைக்கவில்லை. அதை நடைக்குத் தள்ளிக்கொண்டுபோய், குளியலறை வாசலில் ஓடவிட்டு நிறுத்தினேன். நடைக் கதவைச் சாத்தினேன். வந்து வாசலைத் திறந்தேன்.

"இன்னும் சுத்தம் பண்றது முடியலையா? எங்களுக்காகவா இவ்வளவும்?" என்று பையனின் அப்பா சிரித்தார். உட்காரச் சொன்னேன். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கங்க தம்பி? அவனுக்கு ஒரு கழுத்துப்பட்டை வாங்கிட்டு வந்தேன்."

பட்டை சிவப்பு நிறம். மேசைமேல் வைத்தார். நான் புரியாதவன்போலப் பார்த்தேன் போலிருக்கிறது. அவரே சொன்னார்: "அவ முத மாசமே எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டா. ஃபிட்ஸ் வந்தா என்ன செய்யணும்னு நானும் ஒரு வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டேன். எங்க வீட்டுல அவனுக்கு ஒரு மூலை ஒதுக்கி வச்சாச்சு."

அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்போது எழுந்தால், இதுவரை ஏன் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரு கௌரவமான பதில் இல்லை. பாப்பா எங்கே என்றார்கள். உடுத்திக்கொண்டிருக்கிறாள் என்றேன். வழியில் போக்குவரத்து எப்படி என்று விசாரித்தேன். அந்த மனிதர் பாலம் வேலையைப் பற்றி நிறையச் சொன்னார். அந்த அம்மாளுக்கு மட்டும் என்னவோ தோன்றியிருக்க வேண்டும். நடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகள் விருந்துக்குப் போன இடத்தில் அப்படி உள்பக்கம் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. டீ போடட்டுமா என்று கேட்டேன்.

மூன்று ஐம்பத்தேழுக்குத் தம்பி மனைவி கேக்கோடு வந்தாள். "மெஷினை யார் ஓடவிட்டது?" என்று உள்ளே போய் அணைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. பிறகு அவள் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை. தண்ணீர் பிடித்துவைக்கும் அகலத் தொட்டியில் பாப்பா முகம் குப்புறக் கிடந்தாள். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான். முதல் ஐந்து நிமிடத்தில் யாராவது தூக்கியிருந்தால் போதும் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். படித்தேன். தெளிவான கையெழுத்து.

ஆக, நாற்றத்தை உண்டாக்கியது நான். நாயைப் போகவைத்தது நான். சத்தம் கேட்டும் பதினைந்து நிமிடம் கதவைத் திறக்காமல், அதை மறைக்க இயந்திரத்தை வாசலில் நிறுத்தியதும் நான். அவள் அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவளை இனி இங்கே கூப்பிடாதீர்கள். இது நடந்ததில் வருத்தமா என்று உங்கள் ரைட்டர் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பெண்ணுக்கு நல்லதைத் தவிர வேறெதையும் நான் நினைத்ததில்லை.

தட்டச்சு செய்து கொண்டுவந்ததைப் படித்துப் பார்த்தேன். தேதி, நேரம் எல்லாம் சரி. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் 'வலிப்பு நோய்' என்று இரண்டு இடத்தில் வருகிறது. அதை அடித்துவிட்டு, கால் இடறி விழுந்தாள் என்று போடுங்கள். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் வயதானவன், என்னோடு போய்விடும். இந்தத் தாள் நாலு பேர் கைக்குப் போகும் அல்லவா. அவள் கல்யாணம் ஆகவேண்டிய பெண்.