ஓட்டுத்தூள்

என் பானைகள் சூட்டில் வெடிப்பதில்லை என்று எங்கள் பழங்குடி ஊரான ஸூனியில் பேர் வாங்கியவள் நான். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உடைந்த பழைய பானை ஓடுகளை மாவாக அரைத்து, புது மண்ணில் தாராளமாகச் சேர்த்துப் பிசைவேன். இங்கே பானை செய்கிற பெண்கள் எல்லாரும் செய்வதுதான்.

அக்கா லுவெல்லாவின் வீட்டில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அம்மா வழியில் நாலைந்து தலைமுறையாக வந்தது. அதன் வயிற்றைச் சுற்றி மான்கள். ஒவ்வொன்றுக்கும் வாயிலிருந்து இதயம் வரை ஒரு சிவப்புக் கோடு. அக்காவுக்குத் தூரிகை பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் வீட்டோடு பானையும் மூத்தவளுக்குத்தான் போயிற்று. அந்த மான்களைப் பார்த்துப் பார்த்தே நான் வரையப் பழகினேன். நன்றாகவே வந்தது. ஆனால் வருகிறவர்கள் என் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் பானையைப் பார்ப்பார்கள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்த 'உம்' எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு காலையில் அக்கா ஆற்றோரத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தாள். நான் பானையை எடுத்து வந்து உடைத்தேன். மான்கள் இருந்த துண்டுகளை முதலில் அரைத்து முடித்தேன். வெறும் ஓடாகத் தெரிந்த அடிப்பாகத்தை முற்றத்திலேயே உட்கார்ந்து அரைத்தேன். பானைக்காரி ஓடு அரைப்பதை யார் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள்?

அக்கா அழுதுகொண்டு வந்தாள். "பானையக் காணோம்டி" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கை சிவந்திருந்ததைப் பார்த்தாள். "குடு இங்க, தோலு உரிஞ்சிரப் போகுது" என்று கல்லைப் பிடுங்கித் தானே அரைக்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உங்க அத்தானப் பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்திருந்தேன். "ஒரு மூட்டையோட கடைப் பக்கம் போனாரு" என்றேன். பழைய பானைகளையும் வாங்குகிற கடை அது. நான் சொன்னது உண்மைதான். மூட்டையில் இருந்தது ஆட்டு ரோமம். அதை அவள் கேட்கவில்லை.

மாலையில் எல்மர் அத்தான் திரும்பியபோது அவருடைய சேணமும் பூட்ஸும் வாசலுக்கு வெளியே கிடந்தன. எங்கள் ஊரில் மனைவி இப்படி எடுத்து வைத்துவிட்டால் அதோடு கல்யாணம் முறிந்தது. "என்ன லுவெல்லா, சேணம் காத்து வாங்குதா?" என்று சிரித்தார். அக்கா உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டாள். சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மகள் ஜோலீன் அப்போது சின்னக் குழந்தை. அப்பன் பானையை விற்றவன் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தோம்.

அக்காவுக்கு நானே புதுப் பானை செய்து கொடுத்தேன். அந்தத் தூளைக் கலந்துதான். "அச்சு அசல் பழசேதான்டி" என்று கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் ஜோலீன் வந்தாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. "சித்தி, அப்பா ரொம்ப முடியாம கெடக்காராம். என்னப் பாக்கணும்னு கேக்கறாராம். போகட்டுமா?" என்றாள்.

எல்லாம் வாய்வரை வந்தது. "உங்கம்மா மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?" என்றேன்.

அவள் போகவில்லை. நேற்று அத்தானை அடக்கம் செய்தார்கள்.

பானையை உடைத்தது நான். அத்தானைத் துரத்தியதும் நான். ஜோலீனிடம் அப்படிச் சொன்னது மட்டும், அக்கா மனம் நோகக் கூடாதே என்றுதான்.