யார் வந்தாலும் ப்ரோதான்

புரோத்ராபூர் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஒரு மீன்கடை அம்மாவும் கல்யாணமான மகளும். மகள்தான் ஆரம்பித்தாள்.

"என் மாமியாரப் போயி ப்ரோன்னு கூப்பிட்டியேம்மா! மெயின்லேண்ட்லேர்ந்து வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"ஏன், மரியாதை குறைஞ்சிடுச்சா?"

"அது பிரதர்லேர்ந்து வந்தது. ஆம்பளைங்களத்தான் சொல்லணும்."

"எங்கேர்ந்து வந்தா என்ன? இந்தத் தீவுல எல்லாரும் எங்கேர்ந்தோ வந்தவங்கதான். பெங்காலியோ தெலுங்கோ, கடைக்கு யார் வந்தாலும் எனக்கு ப்ரோதான். பேரம் பேசுனா 'க்யா ப்ரோ'ம்பேன். சண்டைக்கு வந்தா 'ஏய் ப்ரோ'ம்பேன். மாத்திக்க மாட்டேன், போ."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் வந்த பெண்குரல் பேருந்துக்கே கேட்டது.

"சம்பந்தி பேசுறேன். பஸ் கிடைச்சுதா, ப்ரோ?"