ஆழ முனையில் இரண்டு பேர்

இந்த நாற்காலி வேண்டாம், சார்ஜண்ட். தாழ்வாக இருக்கிறது. உட்கார்ந்துவிட்டால் என்னைத் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். அந்த மர ஸ்டூல் போதும். முட்டி இரண்டும் காலையிலிருந்து குடைகின்றன; நாளைக்கு மழை வரும். வலது முட்டி கருங்கல் குவாரியில் போனது. இடது முட்டி, வலதின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்ததில் போனது. முப்பத்தொன்பது வருஷம் கல் உடைத்தவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை. வலிக்கிறது, சொன்னேன், அவ்வளவுதான்.

பெயர் நினியன் கார்சன். வயது எழுபத்தொன்று. ஆடம் வைலி விஷயமாக வந்திருக்கிறேன். நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு, பதினோரு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரிக் கடைசியில் செத்தவன். உங்கள் அலமாரியில் காகிதம் இருக்கும். மீன் பிடிக்கும்போது நீரில் மூழ்கி விபத்து என்று எழுதியிருக்கும். அடியில் என் கையெழுத்து இருக்கும். அந்தக் காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. சிலதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்கள் மலைப்பக்கத்துக்காரர். எங்கள் வலை பிடிக்கும் விதம் தெரியாவிட்டால் மற்றது விளங்காது. பதினெட்டு அடிக் குறுக்குக்கட்டை, அதிலிருந்து கீழே மூன்று கால்கள், பின்னால் பைபோலத் தொங்கும் வலை. அதைத் தூக்கிக்கொண்டு கழிமுகத்தில் இறங்கி, கடலிலிருந்து ஏறி வரும் தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். ஏழு பேர், கட்டையோடு கட்டை ஒட்டி, ஒரே வரிசை. ஆற்றுக்கு ஏறும் சால்மன் மீன் ஆழத்தில்தான் ஓடும். அதனால் ஆழ முனை யாருக்கு என்பதில்தான் எல்லோர் கண்ணும் இருக்கும். தண்ணீர் மார்புக்கு வந்ததும் அந்த ஆள் வலையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் பின்பக்கமாக நடந்து கரை முனைக்கு வந்துவிடுவான். அவனுக்கு அடுத்து நின்றவன் ஆழ முனைக்காரன் ஆவான். யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. தண்ணீர் விரட்டும்.

யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. மீனைத் தலையில் தட்டிக் கொல்லும் கட்டை ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். ஏழு கட்டையையும் ஒருவன் வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவான். எது தூரமாகப் போய் விழுந்ததோ அவனுக்கு ஆழ முனை. அன்று எறிந்தவன் ராப் ட்வீடி. ஒழுங்காகத்தான் எறிந்தான். அதில் யாரும் எதுவும் செய்யவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. தரை பார்ப்பது. அந்த மணல் நேற்று இருந்தது போல இன்று இருக்காது. ஒவ்வொரு பெருக்கும் ஓர் இடத்தில் தோண்டி இன்னோர் இடத்தில் கொட்டிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் கெட்டியாக இருக்கும். கீழே கூழாக இருக்கும். தண்ணீர் வற்றியிருக்கும்போது ஒருவன் தடியால் குத்திக் குத்தி நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்தேன். நான் சரி என்றால் ஆறு பேரும் இறங்குவார்கள். ஒருவனும் திரும்பக் கேட்டதில்லை.

ஆடமும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நல்லவன். அதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். சீசன் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி எஃபி ஆட்டெலும்பும் பார்லியும் போட்ட சூப் வைத்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். பேச்சை அவன்தான் ஆரம்பித்தான்.

"நினியன், போன செப்டம்பர்ல உன்ன ரெண்டு தடவ தண்ணிக்குள்ளேருந்து தூக்கி நிறுத்தினேன்."

"வழுக்கிடுச்சு."

"வழுக்கலடா. கால் மடங்குச்சு. பக்கத்துல நின்னு பாத்தவன்கிட்டயே கத விடறியா?"

"இப்ப என்னங்கற?"

"இந்த வருஷம் நீ கரையில நில்லு. தர பாத்துச் சொல்லு, சுங்கான் புடி, எங்களத் திட்டு. அதுலதான் நீ கெட்டிக்காரன்."

"என்ன கெழவின்னு நெனச்சியா?"

"கெழவின்னா நீந்தவாச்சும் தெரிஞ்சிருக்கும்."

எஃபி சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு என்று தோன்றியிருக்க வேண்டும், உடனே என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "உன் நல்லதுக்குத்தான் சொல்றார், நினியன். உனக்கு ஒண்ணுன்னா இந்த மனுஷன் தூங்க மாட்டார்."

ஆடம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மொத நாள் மட்டும் எறங்கு. உன் மானத்துக்கு. அன்னிக்கே சாயங்காலம் பசங்ககிட்ட நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். உன்னப் பொதைக்கற வேல எனக்கு வேணாம்."

அவன் சொன்னது சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் என் பக்கத்தையும் பார்க்க வேண்டும். குவாரியில் எனக்கு மேலே ஒரு மேஸ்திரி, அவனுக்கு மேலே இன்னொருவன். கல்யாணம் ஆகவில்லை. தேவாலயத்தில் பின்பெஞ்சு. வாழ்க்கையில் மற்ற ஆம்பிளைகளோடு தோளுக்குத் தோள் சமமாக நான் நின்றது அந்த வரிசை ஒன்றில்தான். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை நிற்பேன். மிச்ச மாதங்களில் அதை நினைத்துக்கொண்டு இருப்பேன். கரையில் நின்று சுங்கான் பிடிக்கிறவனை ஊர் முதல் வருஷம் மாமா என்று கூப்பிடும், இரண்டாம் வருஷம் கூப்பிடாது. நான் பார்த்திருக்கிறேன்.

சீசனுக்கு முந்தின நாள் தரை பார்க்கப் போனேன். வடகாற்று. எதிர்க்கரை இங்கிலாந்து மலைகளில் பனி இருந்தது. ஆழ முனை வழக்கமாக விழும் இடத்தில், பன்னிரண்டு தப்படி நீளத்துக்கு, என் தடி முழங்கை ஆழம் கெட்டியில் போய், பிறகு ஒன்றுமே இல்லாதது போல இறங்கியது. அந்தத் தடியை அங்கேயே அடையாளமாக நட்டுவிட்டு வந்தேன். காலையில் எல்லோருக்கும் காட்டி, வரிசையை நாற்பது தப்படி மேலே மாற்றுவோம் என்றுதான் இருந்தேன். அதுதான் வழக்கம்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போனேன். தடி நின்றுகொண்டிருந்தது. பிடுங்கினேன். முட்டி வலி அதிகம், திரும்பி நடக்க ஒரு தடி வேண்டியிருந்தது. பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது. வலியும் உண்மைதான்.

கரையில் ஆறு பேரும் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு, உள்ளே இரண்டு கம்பளிக் கால்சராய். ராப் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"வராரு பாருங்கப்பா. முட்டி சத்தம் ஒரு மைலுக்குக் கேக்குது. மீனெல்லாம் இங்கிலாந்துக்கு ஓடிடும்."

"ஓடினா உன் மாமியா வீட்டுக்குத்தான் ஓடும், போய்ப் புடிச்சுக்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"தர எப்படி?" என்று ஆடம் கேட்டான்.

"நல்லாருக்கு," என்றேன்.

அதற்குப் பிறகுதான் கட்டை எறிந்தார்கள். இதைக் கவனியுங்கள். நான் சொல்லும்போது யாருக்கு எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. ஆழ முனை எனக்கே வந்திருக்கலாம். ராபுக்கு வந்திருக்கலாம், அவனுக்கு அப்போது கைக்குழந்தை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன். பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆடமின் கட்டை தூரமாக விழுந்தது. என்னுடையது அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம். மூன்றாவது ராப். ஆழ முனையில் ஆடம், அவனுக்கு அடுத்து நான்.

தண்ணீர் ஏறத் தொடங்கி அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. கரைப்பக்கம் யாருக்கோ கடல் ட்ரவுட் ஒன்று விழுந்தது, சின்னது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. விரல் மரத்துவிட்டது. அப்போது ஆடம் என் பக்கம் திரும்பினான். கத்தவில்லை. வரிசையில் யாரும் கத்த மாட்டார்கள். மீன் மிரளும், பக்கத்து ஆளுக்குக் கேட்டால் போதும்.

"நினியன், கால் பொதையுதுடா. தொட வரைக்கும் போயிடுச்சு. உன் வலக்கட்டைய இப்பிடிக் கொஞ்சம் நீட்டு."

அந்த நேரத்தில்தான் என் வலையில் மீன் மோதியது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. குறுக்குக்கட்டை கையில் உதைத்தது. பெரிசு. அந்த வருஷத்தின் முதல் சால்மன்.

"இரு," என்றேன். "மீன் விழுந்திருக்கு."

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். ஆடம் சுளிக்கவில்லை. சிரித்தான். "பாவி, மொத மீனே உனக்கா? சரி சரி, விட்டுடாத. பாத்துக்க," என்றான். அந்த வரிசையில் நிற்கிற எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். மீனைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்ப்பது. எங்கள் அப்பன்களும் அப்படித்தான். ஆள் நின்றுகொண்டிருப்பான், மீன் நிற்காது.

வலைக்காலைத் தூக்கிப் பையை மூடினேன். மீனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தலையில் தட்டினேன். முதல் அடியிலேயே செத்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. இன்னும் நான்கு அடி அடித்தேன். பிறகு கயிற்றை எடுத்துச் செவுளில் கோத்தேன். வாய்வழியாக இழுத்தேன். முதுகுப்பக்கம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டேன். எங்கள் தண்ணீர் ஏறும் வேகத்துக்கு அது நிறைய நேரம்.

"நினியன்," என்றான் ஆடம். கொஞ்சம் பொறுத்து, "ஆச்சா?" என்றான். மூன்றாம் தடவை அவன் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தான். என் முதுகில் இருந்த மீனைப் பார்த்தான், பிறகு என் கையில் இருந்த கயிற்று நுனியைப் பார்த்தான். தரையை யார் பார்த்தது என்று அப்போது நினைத்திருப்பான். எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும் அவனுக்கு. பிறகு கத்தினான். அதற்குள் தண்ணீர் அவன் உடுப்புக்குள் இறங்கிவிட்டது.

வலைக்கட்டையை நீட்டினேன். அவன் பிடித்தான். ராபும் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் யாரால் வேகமாக வர முடியும்? நான் இழுத்தேன் என்று காகிதத்தில் இருக்கிறது. இழுத்தேன்தான். ராப் பக்கத்தில் வந்தபோது இழுத்தேன். அப்போது ஆடமின் கையில் பிடி இல்லை. என் முட்டி மடங்கி நானும் விழுந்தேன். ராப் என்னைத்தான் தூக்கினான். ஒன்பது நாள் கழித்து எதிர்க்கரையில் ஆடமின் உடல் கிடைத்தது.

பிறகு என்ன. மணல் துரோகம் செய்துவிட்டது, நினியன் உயிரைக் கொடுத்து இழுத்தான் என்றார்கள். வரிசையில் என் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்னும் ஐந்து சீசன் நின்றேன். கால் மடங்கினால் தூக்கி நிறுத்த இரண்டு பக்கமும் ஆள் தயாராக இருந்தது. எஃபி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். வெந்நீர் வைத்து, என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அவளுடைய கை பலமான கை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுத வேண்டாம். போன ஞாயிறு அவள் ஒன்று சொன்னாள். ஆடமைப் புதைத்த இடத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் வாங்கியிருக்கிறாளாம். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. "உனக்குன்னு யாரு இருக்கா, நினியன்? அவருக்குப் பக்கத்துலயே படுத்துக்க. கல்லுல உன் பேரையும் வெட்டச் சொல்லிட்டேன்," என்றாள். கல்வெட்டுகிறவனுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டாளாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். வேறு காரணம் கிடைக்கவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது, சார்ஜண்ட். அவன் பக்கத்தில் போய் மறுபடியும் நிற்க என்னால் ஆகாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குழி இருந்தது எனக்குத் தெரியும். தடியைப் பிடுங்கியது நான். தரை நன்றாக இருக்கிறது என்று சொன்னது நான். மீன் செத்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தது நான். ஆடம் வைலியைத் தண்ணீர் கொல்லவில்லை, நான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், கண்ணாடி கொண்டுவரவில்லை.

அப்புறம் இன்னொன்று. இதுவும் காகிதத்தில் ஏற வேண்டும். ஆழ முனையில் நிற்கும் இரண்டு பேர் எங்கள் பக்கம் கூட்டாளிகள். ஒருவன் வலைக்குத் தப்புகிற மீன் அடுத்தவன் வலையில்தான் விழும் என்பதால், எவன் வலையில் விழுந்தாலும் ஆளுக்குப் பாதி. இறங்குவதற்கு முன்பு நானும் ஆடமும் கை கொடுத்துக்கொண்டோம். அன்று அந்த மீனை நான் முதுகிலேயே வீட்டுக்குத் தூக்கிப் போனேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு நல்ல பசி. அவித்து ஆறு நாள் சாப்பிட்டேன். முழுதாகப் பதினெட்டு ராத்தல் இருந்தது. நான் எந்தக் காலத்திலும் கூட்டாளியின் பங்கைத் தின்றவன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எஃபிக்கு ஒன்பது ராத்தல் சால்மன் நான் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.