பதினேழாம் எண் மருதமரம்

உச்சி வெயிலில் யாரும் மரத்தைப் படம் எடுக்க மாட்டார்கள். நிழல் கறுத்துப்போகும், பச்சை வெளிறிப்போகும் என்பார்கள். எனக்கு அதுதான் வேலை நேரம்.

உங்கள் மேசைமேல் இருக்கிறதே, ஐயா, அந்தக் கேமராவை நான்கு வருடத்துக்கு முன்னால் பழையதாக வாங்கினேன். பாளையங்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கிற பெனோ அதைத் திறந்து, உள்ளே இருந்த கண்ணாடித் தகட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தித் தந்தான். அன்றிலிருந்து அது அகச்சிவப்பு ஒளியை மட்டும்தான் பார்க்கும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. உயிருள்ள இலை அதை அப்படியே திருப்பி அனுப்புவதால் படத்தில் வெள்ளை வெளேரென்று விழும். ஆகாயமும் ஆறும் கறுத்துவிடும். வாடுகிற இலை சாம்பல் நிறத்தில் நிற்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

என் பெயர் ரீபா. ஊர் சீவலப்பேரி. அப்பா நேசையா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாவரவியல் படித்துவிட்டுக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் படித்தவள் என்பதால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். ஓரத்தில் நாற்பத்து மூன்று மருதமரங்கள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்கள். எல்லாம் நோய் பிடித்தவை, எப்போது வேண்டுமானாலும் விழும், அதனால் வெட்டுகிறோம் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். பொய். வசதியானவர்களின் காம்பவுண்டுச் சுவர் வந்த இடத்தில் அதே சாலை வளைந்து போகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வழக்குப் போட்ட வக்கீல் ரிச்சர்ட் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மரம் நல்லாருக்குன்னு வாயால சொன்னா எவன் கேப்பான்? காட்ட முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

மூன்று நாள் உச்சி வெயிலில் நாற்பத்து மூன்றையும் எடுத்தேன். நாற்பத்திரண்டு மரங்கள் உண்மையாகவே நன்றாக இருந்தன.

பதினேழாம் எண்ணுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மேலே இருந்த பச்சையில் முக்கால்வாசி புல்லுருவி. மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் நீரைக் குடித்து வளர்கிற செடி. மருதின் சொந்த இலை கிளை நுனிகளில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடிமரத்தைக் கைமுட்டியால் தட்டினேன். வெறும் பானையைத் தட்டிய சத்தம் வந்தது. சாதாரண கேமராவில் எடுத்திருந்தால் இரண்டு பச்சையும் வேறு வேறாகத் தெரிந்திருக்கும். என் கேமராவுக்கு அந்த வேற்றுமை கிடையாது. நன்றாகக் குடித்துக் கொழுத்த செடி என்பதால், நாற்பத்து மூன்றிலும் அதுதான் அதிக வெள்ளையாக விழுந்தது. அந்தப் படத்தையே மனுவின் முதல் பக்கத்தில் வைத்தேன். கீழே 'இலைகள் உயிர்ப்புடன் உள்ளன' என்று எழுதினேன். உயிர்ப்புடன்தான் இருந்தன. யாருடைய இலைகள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஒன்றை விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டால், அது ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஒரு மரம் கெட்டது என்று நாமே ஒத்துக்கொண்டால் அவர்களுடைய காகிதம் உண்மையாகிவிடும். பிறகு அடுத்ததும் கெட்டது, அதற்கடுத்ததும் கெட்டது என்பார்கள். ஒன்றுக்காக நாற்பத்திரண்டைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கணக்கு அவ்வளவுதான்.

அந்த மரத்தடியில்தான் முத்துராணி அக்கா டீக்கடை போட்டிருந்தாள். தார்ப்பாய்க் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு. கோர்ட்டு அனுப்பி ஆய்வுக்கு வந்த குழு அங்கேதான் டீ குடித்தது. அதில் ஒரு அதிகாரி என் படத்தைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, பனி பெஞ்ச மாதிரில்லா இருக்கு?" என்றார்.

"பனி பெஞ்சா எங் கடையில டீ ரெண்டு பங்கு ஓடுமே சார்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கையில் படம் இருந்ததல்லவா.

தடை உத்தரவு கிடைத்தது. பத்திரிகையில் என் பெயரும், அப்பா பெயரும், அந்த வெள்ளை மரமும் வந்தன. அப்பா அதைக் கத்தரித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். வரப்பில் போகிறவரைக்கூட நிறுத்திக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

ஆனியில் காற்று கிளம்பியது. ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டே அக்கா கேட்டாள். "ஏட்டி ரீபா, காத்தடிக்கையில இந்த மரம் முனங்குது. காலையில வந்தா பெஞ்சு மேலல்லாம் மரத்தூளா கெடக்கு. கடைய அங்கன, புளியமரத்துக்குத் தள்ளிப் போட்டுக்கிடவா?"

கடையைத் தள்ளிப் போட்டால் ஏன் என்று பேச்சு வரும். அந்த மரத்து நிழலில் ஒரு குடும்பம் பிழைக்கிறது என்று மனுவில் வேறு எழுதியிருந்தோம்.

"எல்லா மரமும் முனங்கத்தான்க்கா செய்யும். நாந்தான் படம் எடுத்துப் பாத்துட்டேன்லா" என்றேன்.

"நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா சரிதான்" என்றாள்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. நான் இரண்டு தடவை ரிச்சர்ட் சார் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். இரண்டாம் தடவை அவர் வெளியே வந்து, வந்திருந்த யாரிடமோ, "இந்தப் பிள்ள இல்லேன்னா நாம தோத்துருப்போம்வே" என்றார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் சார் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

ஆடி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவில் நேரம் பதிவாகியிருக்கும், நீங்களே பாருங்கள். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு எடுத்த படத்தில் பதினேழாம் எண்ணின் வேரடி மண் வாய் பிளந்திருக்கிறது. காற்று தள்ளும்போது பிளந்தது, விட்டபோது மூடியது. மரம் விழுந்தது பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. நடுவில் பதினொரு நிமிடம்.

நான் சும்மா நிற்கவில்லை. கடையில் முட்டை வியாபாரி ஹாஜா பாயும், வயல் வேலை முடித்துத் திரும்பிய இரண்டு பெண்களும் இருந்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள், சேர்ந்து ஒரு படம் எடுக்கிறேன் என்று கூப்பிட்டேன். சாலையைத் தாண்டி வந்தார்கள்.

"என் மூஞ்சிய வெள்ளையாக் காட்டுவியாம்மா?" என்றார் ஹாஜா பாய்.

"இதுல எல்லாரும் வெள்ளைதான் பாய்."

"அப்ப ரெண்டா எடு. ஒண்ணு பொண்டாட்டிக்கு."

அக்கா மட்டும் வரவில்லை. கூப்பிட்டேன். "பால் அடுப்புல இருக்கு பிள்ள. நீ அவுகள எடு. இந்த அழுக்குச் சேலையோட என்னைய எதுக்கு?" என்றாள். ஒரே நிமிடம் வந்துவிட்டுப் போங்களேன் என்று மறுபடியும் கூப்பிட்டேன். "வாரேன் வாரேன், கத்தாத" என்றாள். மூன்றாம் தடவை கூப்பிட்டதற்கு, "பால் பொங்கிச்சுன்னா நீயா வாங்கித் தருவே?" என்று சிரித்தாள்.

மரம் விழப்போகிறது. இரண்டே சொல். ஆனால் சொன்ன பிறகு அது விழாமலும் போகலாம் அல்லவா? போனால் நான் சொன்ன சொல் மட்டும் நிற்கும். அவளுக்கு எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். ஹாஜா பாய் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதையெல்லாம் யோசித்து முடிக்கப் பதினொரு நிமிடம் போதவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. கூரைத் தார்ப்பாய் முதலில் அமுங்கியது. ஹாஜா பாய்தான் ஓடினார். நான் கேமராவோடு இந்தப் பக்கமே நின்றேன்.

காற்றில் விழுந்தது என்று எழுதி, இந்த ஸ்டேஷனில் நீங்களும் வழக்கை மூடிவிட்டீர்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவின் மகள் மட்டும் பதினாறாம் நாளுக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தாள். மாலை போட்டு வைக்க அம்மா படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவளுடைய கடையையும் கடைக்கு மேலிருந்த மரத்தையும் இருநூறு படம் எடுத்திருப்பேன். தேடிப் பார்த்தேன், முகம் தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. கூப்பிட்டபோது அவள் வரவில்லையே.

யாரும் கேட்காதபோது நானாக ஏன் வந்தேன் என்றால், அடிமரம் பிளந்து கிடக்கிறது. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பொந்து. ஊரே வந்து பார்த்துவிட்டது. மற்ற எல்லா மரமும் இப்படித்தான், இந்தப் பெண்ணின் படங்கள் எல்லாம் பொய் என்று சாலை போடுகிறவர்கள் தடையை நீக்கக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. அறுக்கிற மிஷின் ஏற்கெனவே வந்து நிற்கிறது. ரிச்சர்ட் சார் என் போனை எடுப்பதில்லை. மற்ற மரங்கள் நல்லவை என்று எங்கே போய்ச் சொன்னாலும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கக்கூட ஆளில்லை. குற்றம் செய்தேன் என்று சொன்ன பிறகுதான் நீங்களே நாற்காலி போட்டீர்கள்.

பதினேழாம் மரம் கெட்டது என்று எனக்குத் தெரியும். அதன் அடியில் அவளை இருக்கச் சொன்னது நான்தான். கடைசி நேரத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாதவளும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் மற்ற நாற்பத்திரண்டு படங்களும் உண்மை, ஐயா. அதை முதலில் எழுதுங்கள். முத்துராணி அக்கா விஷயத்தை அதற்குக் கீழே எழுதினால் போதும்.