செங்கலாகிப் போன மேல்மண்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கான்சாபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் மடியிலிருந்த மஞ்சள் பையைக் காட்டி என்னவென்று கேட்டாள்.

"எங்க வயக்காடு."

மண் பரிசோதனைக்குக் கொண்டுபோனதில் மிச்சமாம்.

"செங்கச் சூளைக்கு மேல்மண்ண வெட்டிக் குடுத்தோம். எங்க வீட்டுக்காரவுக வேண்டாம்னாக. கீழயும் மண்ணுதான இருக்குன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்."

"பொறவு?"

"ரெண்டு வெள்ளாமையும் முளைச்சு மஞ்சளடிச்சுப் போச்சு. பாறை பொடிஞ்சு, தழை மக்கி, புழு பூச்சி கிண்டித்தான் மேல்மண்ணு உண்டாகுமாம். போனது நம்ம காலத்துல திரும்பாதுன்னு ஆபீசர் சொல்லுதாரு. ராத்திரி வயல்ல ஆட்டுக்கிடை போட்டு, புழுக்கை உரமா விழுந்து, தழைய மடக்கி உழுதா கொஞ்சங்கொஞ்சமாத் தேறுமாம்."

"வீட்டுக்காரரு ஏசுனாரா?"

"ஒரு வார்த்த சொல்லல. ஏசியிருந்தாத் தேவல."

கான்சாபுரத்தில் அவள் இறங்கினாள். அங்கே காத்திருந்த கணவர் பையை வாங்கிக்கொண்டு, "என்ன சொன்னாக?" என்று கேட்டார்.

"தேறக் கொஞ்ச வருசம் ஆகுமாம்."

"ஆகட்டும். ஆட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் கிடை வந்துரும்" என்றார்.