சிலந்தி இரவல்

ரோசின்: எத்தனை வேணும்னு சொன்ன?

யோரிஸ்: ஒரு… நாப்பது. நாப்பது இருந்தா போதும் ஆன்ட்டி.

ரோசின்: நாப்பது சிலந்தி.

யோரிஸ்: பெருசா இருந்தா முப்பதே போதும்.

ரோசின்: முதல்ல உள்ள வா, சாரல் அடிக்குது. காலைத் தொடைச்சுட்டு வா. கையில என்னடா, ஊறுகாய் பாட்டிலா?

யோரிஸ்: காலி பாட்டில்தான். மூடியில ஓட்டை போட்டிருக்கேன், அதுங்க மூச்சு விட.

ரோசின்: பெரிய மனசுதான் உனக்கு. எதுக்கு இதெல்லாம்?

யோரிஸ்: பள்ளிக்கூடத்துல ஒரு கண்காட்சி…

ரோசின்: உனக்குப் பிள்ளையே கிடையாதே.

யோரிஸ்: எனக்கு இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

ரோசின்: உன் பக்கத்து வீடு நான்தான்டா.

யோரிஸ்: இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்.

ரோசின்: அந்தப் பக்கம் பல் டாக்டர். அவருக்கு எழுபது வயசு. அவர் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கறாரு?

யோரிஸ்: ஆன்ட்டி, உங்க நிலவறைச் சாவியைக் கொடுங்களேன். அஞ்சே நிமிஷம். இந்தத் தெருவுலயே துடைப்பம் படாத இடம் அது ஒண்ணுதான்.

ரோசின்: உதவி கேட்டு வந்தியா, மானத்தை வாங்க வந்தியா?

யோரிஸ்: பாராட்டிச் சொன்னேன்…

ரோசின்: சரி, எனக்கு ஒண்ணு புரியல. பிரஸ்ஸல்ஸ்லயே சிலந்திக்குப் பேர்போன இடம் உங்க பீர் ஆலை. உங்க அக்கா இர்மா அதுங்களுக்கு ஞானஸ்நானம் பண்ணி வைக்காத குறைதான். போன வருஷம் ஒரு சுற்றுலாக்காரி கைக்குட்டையால ஒரு வலையைத் தட்டப் போக, இர்மா போட்ட கூச்சல்ல ரோட்ல டிராமே நின்னுது. அங்க இல்லாத சிலந்தியா என் வீட்ல இருக்கு?

யோரிஸ்: அதான்… அங்க இப்ப கொஞ்சம் குறைச்சல்.

ரோசின்: எவ்வளவு குறைச்சல்?

யோரிஸ்: ஒண்ணுகூட இல்ல.

ரோசின்: அட கடவுளே. எங்க போச்சு?

யோரிஸ்: முந்தாநாள் பெருங்காத்து அடிச்சுதில்ல…

ரோசின்: காத்து ஏணி வச்சு ஏறுச்சா?

யோரிஸ்: ஏணியா? ஏணின்னு நான் சொல்லவேயில்லையே.

ரோசின்: உன் முழங்கையில சிராய்ப்பு இருக்கு. ஊகிச்சேன். ஏன், நாப்பது வருஷம் டிராம் ஓட்டினவளுக்குக் கண்ணு இருக்காதா?

யோரிஸ்: …உள்ள யாரு தும்மறது?

ரோசின்: பூனை. பேச்சை மாத்தாத. நீதானே ஒட்டடை அடிச்ச?

யோரிஸ்: நான்தான்.

ரோசின்: மாடி முழுக்கவா? செப்புத் தொட்டி இருக்கற அந்த மாடியா?

யோரிஸ்: ஒரு மூலை விடல. உத்திரம், ஜன்னல், ஓட்டுக்கு அடியில… எல்லாம் பளபளன்னு இருக்கு.

ரோசின்: உங்க தாத்தா காலத்துலேருந்து ஒருத்தன் கைவைக்காத ஒட்டடைடா அது! என்ன பேய் பிடிச்சுது உனக்கு?

யோரிஸ்: இன்னிக்கு மூணு மணிக்கு நகராட்சிலேருந்து ஆளுங்க வர்றாங்க. தெற்கு ரயில் நிலையத்துப் பக்கம் அந்தப் பெரிய சுவர் இருக்கில்ல, அதுல நம்ம ஊரோட குணம் எதுல தெரியுதோ அதைப் படமா வரையப் போறாங்க. கடைசிச் சுத்துக்கு மூணு நிக்குது. ஒண்ணு எங்க ஆலை.

ரோசின்: மத்தது? மறுபடியும் அந்த ஒண்ணுக்குப் போற பையன் சிலையா?

யோரிஸ்: அவனை மொதல் சுத்துலயே அனுப்பிட்டாங்க. ஒரு வாஃபிள் கடை. அப்புறம் ஒரு டிராம்.

ரோசின்: எந்த டிராம்?

யோரிஸ்: நீங்க ஓட்டின தடம்தான்.

ரோசின்: அப்படிப் போடு! அப்ப நான் எதுக்கு உனக்குச் சிலந்தி தரணும்? ஊரோட குணம்னா டிராம்தான்டா. நேரத்துக்கு வராது. வந்தா ரெண்டு சேர்ந்து வரும். உள்ள இருக்கறவன் ரெண்டு மொழியில திட்டுவான், இறங்கும்போது நன்றி சொல்லிட்டுப் போவான்.

யோரிஸ்: டிராம் எந்த ஊர்ல இல்ல? எங்க பீரை வேற ஊர்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம். நாங்க ஈஸ்ட்னு தனியா ஒண்ணும் போடறதில்ல. காய்ச்சினதைத் தொட்டியில ஊத்தி, ஜன்னலைத் திறந்து வச்சுடறோம். இந்த ஊர்க் காத்துல எது வருதோ, அந்த உத்திரத்துல எது குடியிருக்கோ, அதுதான் பீரைப் பொங்க வைக்குது. மழை, உருளைக்கிழங்கு வறுக்கற வாடை, உங்க வசவு, எல்லாம் அதுல இருக்கு.

ரோசின்: அதான் அந்தப் புளிப்பு புளிக்குது.

யோரிஸ்: புளிப்புதான் ஆன்ட்டி ஊரு! வெளியூர்க்காரன் முதல் வாய்ல மூஞ்சியைச் சுளிப்பான். ரெண்டாவது வாய்ல கொஞ்சம் யோசிப்பான். மூணாவது வாய்ல, இங்க வாடகைக்கு வீடு கிடைக்குமான்னு கேப்பான்.

ரோசின்: பேச்சு நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு தெரிஞ்சவன் எதுக்குத் துடைப்பத்தை எடுத்த? சொல்லேன்டா. காபி ஊத்தவா?

யோரிஸ்: வேணாம். ஆகஸ்ட்ல ஒரு பேப்பர்ல எங்களைப் பத்தி வந்துது. ஊர் ஊரா சுத்தி எழுதற ஆளு ஒருத்தன். ‘ஒட்டடை தலையில் விழுகிறது. கூரை ஒழுகுகிறது. எங்கே உட்காருவது என்று சொல்ல ஆளில்லை. கேட்டால் முதலாளியம்மாள் எரிந்து விழுகிறார். துடைப்பம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட செய்தி இந்த ஆலைக்கு இன்னும் எட்டவில்லை.’

ரோசின்: மனப்பாடமா ஒப்பிக்கறியே!

யோரிஸ்: எரிக்கறதுக்கு முன்னாடி ஏழு தடவை படிச்சேன்.

ரோசின்: எரிச்சியா?

யோரிஸ்: அக்கா கண்ல படறதுக்குள்ள கொதிகலன் அடுப்புல போட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அப்பா போனப்ப ஆலையை வித்துடலாம்னு மாமாலேருந்து வக்கீல் வரைக்கும் எல்லாரும் சொன்னாங்க, நானும்தான் சொன்னேன். அவ ஒருத்திதான் மாட்டேன்னு நின்னா. இருபத்திரெண்டு வருஷமா கை வெந்து, இடுப்பு ஒடிஞ்சு… அவளைப் போய் அழுக்குன்னு ஒருத்தன் எழுதினா என் வயிறு எரியாதா? இன்னிக்கு வர்றவங்களும் அதையே சொல்லிட்டா?

ரோசின்: அதுக்காக அவ இல்லாத நேரமாப் பார்த்துத் துடைச்சியா?

யோரிஸ்: அவ சிநேகிதி கல்யாணத்துக்கு ஓஸ்டெண்ட் போயிருந்தா, மூணு நாள். வரும்போது மாடி மின்னணும்னு நினைச்சேன். நேத்து மத்தியானம் கடைசி வலையைத் தட்டிட்டு அண்ணாந்து பார்த்தேன். அப்பதான் உறைச்சுது.

ரோசின்: என்னன்னு?

யோரிஸ்: அழுக்கைத் துடைக்கல, அக்காவோட பீரைத் துடைச்சுட்டேன்னு. பீர்ல செர்ரிப் பழம் ஊறுறப்ப மொய்க்கற ஈயைப் பிடிக்கறது அந்தச் சிலந்திங்கதான். அடுத்த வாரம் குளிர் தொடங்கினதும் முதல் தொட்டி ஊத்தணும். அது பொங்கலைன்னா? அக்கா ரெண்டு மணி ரயில்ல வர்றா ஆன்ட்டி. மூணு மணிக்கு அவங்க வர்றாங்க. சாவியைக் கொடுங்க, உங்க கால்ல வேணா விழறேன்.

ரோசின்: எந்திரி, எந்திரி. இந்தா சாவி. மூணாவது படி ஆடும், பார்த்து இறங்கு. நான் மேலயே நிக்கறேன், எனக்கு முட்டி வலி.

யோரிஸ்: இருட்டா இருக்கே…

ரோசின்: விளக்கு வலது பக்கம். கிடைச்சுதா?

யோரிஸ்: ஆன்ட்டி! இங்க ஒண்ணுமே இல்ல!

ரோசின்: நல்லாப் பாரு.

யோரிஸ்: வலையெல்லாம் கிழிஞ்சு தொங்குது. சுத்தம் பண்ணிட்டீங்களா?

ரோசின்: நானா? வாய்க்கு வந்தபடி பேசாத.

யோரிஸ்: ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுக்கும் ஏழு கால்தான்.

ரோசின்: பிடிச்சுட்டியா?

யோரிஸ்: பிடிச்சுட்டேன். யாரோ எனக்கு முன்னாடியே வந்து அள்ளியிருக்காங்க ஆன்ட்டி… இது அந்த வாஃபிள் கடைக்காரன் வேலை!

ரோசின்: வாஃபிள் கடைக்கு எதுக்குடா சிலந்தி?

யோரிஸ்: அவனுக்கு வேணாம். எனக்குக் கிடைக்கக் கூடாது! எப்பேர்ப்பட்ட துரோகி… பாருங்க, உங்க பூனை மறுபடியும் தும்முது.

ரோசின்: ஜலதோஷம்.

யோரிஸ்: இருங்க இருங்க. உங்களுக்குத்தான் பூனை முடியே ஒத்துக்காதே? ஆன்ட்டி, சமையலறையில யாரு?

ரோசின்: போதும் இர்மா, வெளிய வந்துடு. இதுக்கு மேல என்னால சிரிப்பை அடக்க முடியாது.

இர்மா: டேய்.

யோரிஸ்: அக்கா! நீ… ரெண்டு மணி ரயில்…

இர்மா: மேல ஏறி வா முதல்ல. மூணாவது படி ஆடும்.

யோரிஸ்: எப்ப வந்த?

இர்மா: நேத்து சாயங்காலமே. நீ பீப்பாய் பக்கத்துல பூட்ஸோட படுத்துக் குறட்டை விட்டுட்டிருந்த. சரி, தூங்கட்டும்னு மாடிக்குப் போனேன். நம்ம ஆலைக்கு வந்திருக்கேனா, பல் டாக்டர் வீட்டுக்குள்ள புகுந்துட்டேனான்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம்.

யோரிஸ்: திட்டிடுக்கா. இப்பவே திட்டிடு.

இர்மா: சோப்பு போட்டியா?

யோரிஸ்: இல்ல. ஈரத் துணி மட்டும்தான்.

இர்மா: சுண்ணாம்பு?

யோரிஸ்: வாளி வாங்கினேன். மூடியைத் திறக்கல.

இர்மா: பொழச்ச. மரத்துக்குள்ள இருக்கற ஈஸ்ட் நூறு வருஷமா உள்ள போய் உக்காந்திருக்கு. உன் ஈரத் துணிக்குப் பயந்து ஓடாது. பீர் பொங்கும், கவலைப்படாத. சிலந்திதான் போச்சு. காலைல ஆறு மணிலேருந்து இந்த நிலவறைக்கும் நம்ம மாடிக்கும் நடையா நடந்து முப்பத்தெட்டு கொண்டு போய் விட்டிருக்கேன். தூசியில தும்மித் தும்மி மூக்கே கழண்டுடும் போல இருக்கு.

யோரிஸ்: நீயா அள்ளின?

இர்மா: நீ எந்திரிச்சுப் பார்க்கறதுக்குள்ள பழையபடி இருக்கணும்னு நினைச்சேன். நீ என்னடான்னா வெட்கத்துல மாடிப் பக்கமே போகாம நேரா இங்க வந்து நிக்கற. நீ வாசல் மணி அடிச்சதும் நான் போய் அடுப்பு பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

ரோசின்: மேல போயிருந்தா, அதுங்களே தானா திரும்பி வந்துடுச்சுன்னு நம்பியிருப்பான்.

இர்மா: நம்பியிருப்பான்.

யோரிஸ்: அக்கா… உனக்குக் கோவமே வரலையா?

இர்மா: வராம? கொலைவெறி வந்துது. உன்னை அந்தத் தொட்டியிலயே போட்டு மூடலாம்னு இருந்துது. அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். ஏணி எட்டாத உச்சி உத்திரத்தைக்கூடத் துடைச்சிருக்க. ஒரு நாற்காலி மேல ஏறவே பயப்படற ஆளுடா நீ. எங்க ஏறின, எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னன்னு நினைச்சுப் பார்த்தேன். அப்புறம் எங்கேருந்து கோவம்?

யோரிஸ்: அந்தப் பேப்பர் விஷயமும் காதுல விழுந்துடுச்சா?

இர்மா: விழுந்துது.

யோரிஸ்: மனசுல வச்சுக்காதக்கா. அவனுக்கு நாக்குல ருசியே கிடையாது. எரிஞ்சு விழறேன்னு சொன்னதெல்லாம்…

இர்மா: எரிஞ்சுதான் விழுந்தேன். தொட்டிக்குள்ள குடையை நீட்டினான்.

ரோசின்: மணி பதினொண்ணு ஆகப் போகுது. மூணு மணிக்குள்ள அதுங்க வலை கட்டிடுமா?

இர்மா: கட்டினா கட்டட்டும். இந்த ஊர்ல எது நேரத்துக்கு நடந்திருக்கு?

ரோசின்: அதுக்குத்தான் டிராமை வரையச் சொல்றேன்.

யோரிஸ்: விளையாடாதீங்க ஆன்ட்டி. அக்கா, அவங்களும் அழுக்குன்னு எழுதிட்டா நாம என்ன பண்றது?

இர்மா: நகராட்சிக்கு மனு போட்டது யாரு?

யோரிஸ்: நீதான். நான் படிவம் வாங்கிட்டு வந்து கொடுத்தேன்.

இர்மா: அதுல, ‘உங்கள் ஆலையில் இந்த ஊரின் குணம் எப்படித் தெரிகிறது’ன்னு கேட்டு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தாங்க. எனக்கு எழுத வருமா? நீ எரிச்சியே பேப்பர், அது மறுநாளும் முக்குக் கடையில ஒண்ணு மிச்சம் இருந்துது. வாங்கி, அந்தாள் எழுதினதை வெட்டி, ஒரு வரி விடாம அந்த இடத்துல ஒட்டி அனுப்பிட்டேன். ஒட்டடை நிஜமாவே தலையில விழுதான்னு பார்க்கத்தான்டா அவங்க வர்றாங்க. அந்த ஏழுகால்காரனை இப்படிக் குடு, வாசலுக்கு நேர் மேல விடலாம்.