முனகல் இல்லாத பதிவு

மழை பெய்தால் என் வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய முடியாது ஐயா. பின்னறைக்குத் தகரக் கூரை. அதனால் வெயில் அடிக்கிற சனிக்கிழமைகளில்தான் யோகேஸ்வரியைப் புக்கிட் செலம்பாவுக்கு வரச் சொல்வேன்.

அவர் தொண்ணூற்றொன்றில் எங்கள் இசைக்குழுவில் பாடியவர். அப்போது நான் பினாங்கில் வாங்கிய சாமான்கள்தான் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. நாலு டிராக் கேசட் ரெக்கார்டர், டிரம் மெஷின், சிந்தசைசர், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். நான் மெட்டுப் போட்ட ஆறு பாட்டில் ஐந்தைப் பதிவு செய்தோம். ஆறாவதற்குள் அவருக்குக் கல்யாணமாகிவிட்டது. போன வருஷம் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டதும் அவரே தேடி வந்தார்.

"மிச்சத்தையும் முடிச்சிருவோம் அண்ணே," என்றார். நான் கட்டாயப்படுத்தவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தொல்லை கொடுத்தது முனகல். டேப்பைப் போட்டுக் கேட்டால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். கேபிள் மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரை இடம் மாற்றினேன், ஃபிரிட்ஜை அணைத்தேன். ஏழு வாரம் போனது. கடைசியில் ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை வெட்டினேன். முனகல் நின்றது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை யோகேஸ்வரி மைக்கைப் பிடித்ததும் கையை உதறினார். "அண்ணே, கடிக்குது." அந்த நேரம் பார்த்து, கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற வீட்டு டிரிப் சுவிட்சும் விழுந்தது. மூன்று முறை, மூன்றும் நல்ல டேக் நடுவில். சுவிட்சைத் தாண்டி நேராக வயர் இழுத்துவிட்டேன். அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொடுத்தேன். அப்புறம் கடிக்கவில்லை.

அவர் மகள் வாசுகி நல்ல பெண். "அங்கிள், போன்ல ஆப் இருக்குலா. எர்த் வயர மாட்டிருங்க, அந்தச் சத்தத்த ஒரு நிமிஷத்துல எடுத்துரலாம்," என்றாள். சத்தத்தோடு குரலையும் கொஞ்சம் தின்றுவிடும் என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. மறுவாரம் யோகேஸ்வரி மகளோடு ஜொகூருக்குக் குடிபோகிறார். வாசுகி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் யாரும் வந்துவிடக் கூடாது என்று பின்னறைக் கதவை உள்ளே தாழ் போட்டேன். காற்றாடி சத்தம் போடும் என்று நிறுத்தினேன். தூசிக்காகத் தரையை ஈரத்துணியால் துடைத்திருந்தேன். யோகேஸ்வரிக்குக் கையெல்லாம் வேர்வை.

எட்டு டேக். எட்டும் வீண். அவர் பாடும்போது லேசாக ஆடுவார், ஈரத் தரையில் செருப்பு கீச்சென்று கத்தும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், நீட்டிப் பாடுகிற இடத்தில். முப்பது வருஷம் காத்திருந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

"செருப்பக் கழட்டிரு யோகேஸ்."

"கழட்டினா கடிக்கும்லண்ணே?"

"மூணு நிமிஷம்தான்லா. மைக்கத் தொடாம பாடு."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றினார். அவரால் மைக்கைத் தொடாமல் பாட முடியாது. அது எனக்குத் தெரியும், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

இரண்டாவது சரணத்தில் மைக்கைப் பிடித்தார். ஹெட்போனில் குரல் பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கை மைக்கை விடவில்லை. அப்படியே சரிந்தார்.

எனக்குத் தெரியாமல் நடந்ததா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இருபத்தெட்டு வருஷம் நான் ரப்பர் தோட்டத்தில் வயர்மேன் ஐயா. ஈரத் தரை, வெறுங்கால், வெட்டின எர்த். இதைத் தெரியாது என்று சொன்னால் எனக்குத்தான் கேவலம்.

சுவிட்ச் என் இடது கைப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் டிரம் மெஷினில் இன்னும் எட்டு பார் தாளம் பாக்கி. பதினாறு விநாடி. அதுவரைக்கும் அவர் பாடினது அவ்வளவு சுத்தம், பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டாமா? ஓட விட்டேன். அப்புறம்தான் அணைத்தேன்.

வாசுகி "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டியதில் அந்தக் கடைசிப் பகுதியும் கெட்டுப்போய்விட்டது. அவள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.